கையெழுத்துக்கு முன் பத்து நிமிடம்

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு ஓராண்டு சுழற்சிப் பயிற்சி உண்டு. அதில் சமூக மருத்துவத்துக்கு 12 வாரம். அந்த வாரங்களில் சிலவற்றைக் கழிக்க எங்களிடம் வருகிறார்கள். ஊர் அவர்களை ஹவுஸ் சர்ஜன் என்றுதான் இன்றும் சொல்கிறது. அவர்கள் செய்த வேலைகளைப் பதியும் குறிப்பேடான லாக்புக்கில் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

பல ஆண்டுகள் அந்தப் பொறுப்பை எப்படிச் செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். வாரத்தின் கடைசி நாள் மதியம், புறநோயாளிகள் கூட்டம் கலைந்த பிறகு, ஐந்தாறு லாக்புக்குகள் மேசைக்கு வரும். ரத்த அழுத்தம் பார்த்தது, தடுப்பூசி போட்டது, கர்ப்பிணிப் பரிசோதனை செய்தது என்று வரிசையாக எழுதியிருக்கும். பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவேன். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த வரிகளில் நான் நேரில் பார்த்தது எதுவும் இருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை என் பழக்கத்தை உடைத்தது. செவ்வாய் எங்களுக்குக் கர்ப்பிணிகள் நாள். ஏழாம் மாதப் பெண் ஒருத்தி பஸ்ஸிலிருந்து இறங்கி, வெயிலில் மேடேறி வந்து, மூச்சு வாங்க நின்றாள். பயிற்சி மருத்துவர் அவளை ஸ்டூலில் உட்காரவைத்தார். ரவிக்கைக் கைக்கு மேலேயே ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். கை தொங்கிக்கொண்டிருந்தது. பட்டை இறுகும்போதே, "எத்தனையாவது குழந்தை?" என்று கேட்டார், அவளும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். 150/100. உடனே தர்மபுரிக்கு அனுப்பச் சீட்டு எழுதிவிட்டார். கூட வந்த மாமியார் அழத் தொடங்கினார். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை, கையில் பணம் இல்லை, 108க்குச் சொல்லியாகிவிட்டது.

எங்கள் மூத்த செவிலியர் சத்தமில்லாமல் அந்தப் பெண்ணைச் சுவரோரம் முதுகு சாய்த்து உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். பத்து நிமிடம் கழித்து, துணியை விலக்கி, கையை மேசைமேல் இதய மட்டத்தில் வைத்துப் பார்த்தார். 118/76. சிறிது நேரம் விட்டு இன்னொரு முறை. அதேதான். சிறுநீரில் புரதமும் இல்லை.

அந்தப் பையனை அறைக்குள் அழைத்து, முறைப்படி எப்படிப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஐந்து நிமிட ஓய்வு, முதுகுக்கும் கைக்கும் தாங்கல், துணி இல்லாத கை, பேசக் கூடாது என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். கல்லூரித் தேர்விலும் இதற்கு முழு மதிப்பெண் வாங்கியவர். அவருடைய லாக்புக்கைப் பிரித்தேன். ரத்த அழுத்தம் என்ற வரிக்கு எதிரே, போன வாரத் தேதியில், என் கையெழுத்து.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஐந்தரை ஆண்டுப் படிப்பில் அவர் அதைச் செய்வதை யாரும் பக்கத்தில் நின்று முழுதாகப் பார்த்ததில்லை, நானும் பார்க்கவில்லை.

அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் மருத்துவரின் திறனை நான்கு படிகளாகச் சொன்னார்: தெரியும், எப்படிச் செய்வது என்று தெரியும், செய்து காட்டுவார், அன்றாடம் செய்வார். எழுத்துத் தேர்வு முதல் இரண்டு படியோடு நின்றுவிடுகிறது. ரொனால்ட் ஹார்டன் ஸ்காட்லாந்தின் டண்டீயில் வகுத்து 1975இல் வெளியிட்ட தேர்வுமுறையில், மாணவர் மேசை மேசையாகப் போய்ச் செய்து காட்டுகிறார். அது மூன்றாம் படி வரை எட்டுகிறது. 2019இல் வந்த திறன் அடிப்படைப் பாடத்திட்டம் லாக்புக்கைக் கட்டாயமாக்கியது நான்காவது படியை எட்டத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் பார்க்காமல் போட்ட கையெழுத்து அதை முதல் படிக்கும் கீழே தள்ளிவிடுகிறது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு நோயாளியைப் பார்க்கும்போது பத்து நிமிடம் மூலையில் உட்கார்ந்திருப்பேன். குறுக்கே பேச மாட்டேன். நோயாளி போனதும் ஐந்து நிமிடம் இருவரும் பேசுவோம். என்ன நன்றாக இருந்தது, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒருவருக்கு நான்கு முறையாவது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜான் நார்சினியும் அவருடன் இருந்தவர்களும் அமெரிக்காவில் 1995இலேயே இப்படி ஒரு முறையைப் பரிசோதித்து எழுதியிருக்கிறார்கள்.

அப்படி உட்கார்ந்த ஒரு நாள் எனக்கே பாடமாகிவிட்டது. பயிற்சிக்கு வந்திருந்தவர் கர்நாடக எல்லையை ஒட்டிய தளி பக்கத்துப் பெண். அரசுப் பள்ளியில் படித்து, 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தவர். வந்த முதல் வாரத்தில் வாயே திறக்கவில்லை. சுமார் என்று மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். முதுகுவலி என்று ஒரு பாட்டி வந்தார். இரண்டு ஆண்டாக மாதம் ஒருமுறை வருகிறவர். ஒவ்வொரு முறையும் நான் வலி மாத்திரை எழுதி அனுப்பியிருக்கிறேன். இந்தப் பெண், "அஜ்ஜி" என்று கூப்பிட்டுக் கன்னடத்தில் பேசத் தொடங்கினார். பாட்டியின் முகமே மாறிவிட்டது. எந்தக் கிணற்றுத் தண்ணீர், எந்த போர்வெல் தண்ணீர், எத்தனை வருடம் குடித்தது என்று கேட்டார். பல்லைப் பார்த்தார். பிறகு ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைத் தரையில் போட்டு, முழங்காலை மடக்காமல் எடுக்கச் சொன்னார். முடியவில்லை. தாடையால் நெஞ்சைத் தொடச் சொன்னார். கையைத் தூக்கித் தலையின் பின்புறம் தொடச் சொன்னார். அதுவும் பாதியில் நின்றது.

எலும்பு ஃபுளூரோசிஸ். ஃபுளூரைடு மிகுந்த தண்ணீரைப் பல ஆண்டு குடித்து எலும்பும் மூட்டும் இறுகிப்போகும் நோய். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரைப் பற்றித் தெரியாதவள் இல்லை நான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் இருக்கிறது. 2013இல் அந்தத் தண்ணீர் வருவதற்கு முன்பு முப்பது நாற்பது ஆண்டுகள் போர் தண்ணீர் குடித்த உடம்பு அது. இப்போதும் சமையலுக்குத் தோட்டத்துப் போர் தண்ணீரையே எடுக்கிறார்கள் என்பதையும் அந்தப் பெண்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். லாக்புக்கில் இதற்கு வரி இல்லை. நான் ஓரத்தில் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பயிற்சி மருத்துவர்களை நான் மதிப்பிடுவதோடு நின்றுவிடக் கூடாது, அவர்களும் எங்களை மதிப்பிட வேண்டும் என்று, அவர்கள் கிளம்பும்போது பெயர் போடாத சீட்டு ஒன்றும் வாங்குகிறேன். ஒரு சீட்டில் இருந்தது: "ஆறு வாரத்தில் நான் ஒரு பிரசவம்கூடப் பார்க்கவில்லை. கணினியில் பதிவேற்றம் மட்டும் செய்தேன்." உண்மை. அடுத்த குழுவிலிருந்து இரவுப் பணி போட்டேன்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

அரூர் பக்கத்துச் செவிலியர்

மருத்துவர் அம்மா எழுதியதைப் படித்ததும் கண் கலங்கியது. இருபத்தொரு ஆண்டுப் பணியில் பயிற்சி மருத்துவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். யார் ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் கை கழுவுகிறார், யார் திரையை இழுத்துவிட்டுப் பரிசோதிக்கிறார், இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் யார் எழுந்து வருகிறார் என்பதெல்லாம் எங்களுக்கு அத்துபடி. என்னிடம் இதுவரை ஒரே ஒருவர்தான் கேட்டிருக்கிறார். அதுவும் ஒரு பயிற்சி மருத்துவரே: "அக்கா, நான் ஊசி குத்துவதில் என்ன தப்பு, சொல்லுங்கள்." சொன்னேன். மறுநாளே திருத்திக்கொண்டார்.

ஊத்தங்கரை பக்கத்து விவசாயி

மருத்துவ மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுக்கும் திட்டம் 2022இல் வந்ததே, அதில் எங்கள் வீடும் ஒன்று. முதல் நாள் ஐந்து பேர் வந்தார்கள். மாடு எத்தனை, கழிப்பறை உண்டா, அடுப்பு எது என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். அம்மா மோர் கரைத்து வைத்திருந்தார், குடிக்கக்கூட நேரமில்லை. பல மாதம் ஆளையே காணோம். பிறகு அதில் ஒரு பெண் மட்டும் தனியாக பஸ் ஏறி வந்தாள். அப்பாவுக்குச் சர்க்கரை 280 என்று முதல் முறை எழுதிக்கொண்டு போனது மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததாம். மாத்திரை போடுகிறாரா, காலில் புண் இருக்கிறதா என்று பார்த்தாள். செருப்பைக் கழற்றச் சொல்லி விரல் இடுக்கு வரை பார்த்தாள். அந்த முதல் வருகைக்கு ஐந்து பேருக்கும் ஒரே மதிப்பெண் கிடைத்திருக்கும். இரண்டாவது வருகைக்கு யார் மதிப்பெண் போட்டார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பயிற்சி மருத்துவர், கிருஷ்ணகிரி மாவட்டம்

எங்கள் தரப்பையும் சொல்ல வேண்டும், மேடம். நாங்கள் மருந்தகத்தின் பின்னால் உட்கார்ந்து கேள்வித்தாள் புரட்டுகிறோம், மறைக்கவில்லை. முதுநிலை நீட் தேர்வில் 200 கேள்வி. என் அடுத்த நாற்பது ஆண்டை முடிவு செய்வது அதுதான். நான் பாட்டியின் கழுத்தை அசைத்துப் பார்த்தேனா என்று அதில் யாரும் கேட்கப் போவதில்லை. நீங்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்ததை அந்தத் தேர்வு எங்காவது கணக்கில் எடுத்துக்கொண்டால் நாங்களே வந்து உங்கள் அறைக் கதவைத் தட்டுவோம். இன்னொன்று. வரிசையில் நூறு பேர் நிற்கும்போது ஒருவர் மூலையிலிருந்து பார்த்தால் கை நடுங்குகிறது. நோயாளிக்கு முன்னால் திருத்தாமல் இருக்கிறீர்களே, அதற்கு நன்றி.

மீண்டும் பென்னாகரத்திலிருந்து

தம்பி, அந்தத் தேர்வை மாற்ற என் கையில் அதிகாரம் இல்லை. என் கையில் இருப்பது ஒரு முத்திரை. நான்கு முறை நேரில் பார்க்காமல் அதை எடுப்பதில்லை. கூட்டம் கூடிய நாளில் பார்ப்பதை விட்டுவிட்டு, புதன்கிழமை தடுப்பூசி முடிந்த பிறகு வைத்துக்கொள்கிறேன். கை நடுக்கம் குறைகிறது.

செவிலியர் அக்கா, நீங்கள் சொன்ன மூன்றையும், மூலையில் உட்கார்ந்து நான் குறித்துக்கொள்ளும் தாளில் சேர்த்துவிட்டேன். கீழே செவிலியர் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன். ஊத்தங்கரை ஐயா, உங்கள் கேள்வியை அச்செடுத்து அறையில் ஒட்டியிருக்கிறேன். திங்கள்கிழமை புதுக் குழு வருகிறது, ஏழு பேர்.