மெடல் வாங்கினவங்களைக் கிட்ட இருந்து பார்த்த அனுபவம் சொல்லுங்க

மெஷின்ஸ் லேப்காரன்:

பட்டமளிப்பு விழா சீசன் வந்தாச்சு. பேப்பர்ல தினம் ஒரு தங்க மெடல் போட்டோ. கீழே தவறாம ஒரு வரி: "ஐ.ஏ.எஸ். ஆகி மக்களுக்குச் சேவை செய்வதே லட்சியம்." இந்தப் பிள்ளைங்க கூடப் பழகினவங்க இருந்தா எழுதுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

ஒரு இன்ஜினீயரிங் காலேஜ்ல எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் லேப்ல 22 வருஷம் அசிஸ்டென்ட்டா இருந்தேன். படிச்சது ஐ.டி.ஐ. வயர்மேன். புதுசா வர்ற ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முதல் நாள் நான் ஓதுற மந்திரம் ஒண்ணுதான்: டி.சி. ஷன்ட் மோட்டாரை ஸ்டார்ட் பண்றப்ப ஃபீல்டு ரியோஸ்டாட் மினிமம், ஆர்மேச்சர் ரியோஸ்டாட் மேக்ஸிமம். ஃபீல்டுன்னா மோட்டாருக்குள்ள இருக்கிற காந்தப்புலம், ஆர்மேச்சர்னா சுத்துற பகுதி, ரியோஸ்டாட்னா கரன்ட்டைக் கட்டுப்படுத்துற தடை. தடை கூடினா ஃபீல்டு குறையும். மாத்தி வெச்சா மோட்டார் பிச்சுக்கிட்டுப் போகும். எல்லாரும் தலையாட்டிட்டு நோட்டுல எழுதிக்குவாங்க.

ஒரு பொண்ணு மட்டும் தலையாட்டல. அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டுல பூக்கடை. "ஏண்ணா, ஃபீல்டு குறைஞ்சா மோட்டாரும் சோர்ந்துதானே போகணும்? எப்படி வேகமாகும்?"னு கேட்டுச்சு. எனக்கு என்ன தெரியும்? "அது அப்படித்தாம்மா, சொன்னதைச் செய்"னு நகர்ந்துட்டேன்.

அடுத்த வாரம் லேப் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் நின்னுச்சு. அப்சர்வேஷன் தாளோட பின்பக்கத்துல படம் போட்டுக் காட்டுச்சு. மோட்டார் சுத்தும்போதே தனக்கு எதிரா ஒரு வோல்டேஜை உண்டாக்கிக்குது, பேக் இ.எம்.எஃப். அது சப்ளை வோல்டேஜைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடிச்சாத்தான் உள்ள போற கரன்ட் அடங்கும். ஃபீல்டு எவ்வளவு, வேகம் எவ்வளவு, ரெண்டும் பெருக்கி வர்றதுதான் அந்த வோல்டேஜ். ஃபீல்டைப் பாதியாக்கிட்டோம்னா அதே வோல்டேஜுக்கு வேகம் ரெண்டு மடங்காகணும். "அது கோவத்துல ஓடலண்ணா, சரிக்கட்டப் பார்க்குது." பதினஞ்சு வருஷமா கைக்குத் தெரிஞ்சது அன்னைக்குத்தான் மண்டைக்கு ஏறுச்சு.

யுனிவர்சிட்டி ரேங்க் வந்துச்சு. பேப்பர்காரர் வந்தாரு. அதுவும் ஐ.ஏ.எஸ்.னே சொல்லிச்சு! கவுனைத் திருப்பிக் கொடுத்து டெபாசிட் வாங்குற க்யூவுல பிடிச்சுக் கேட்டேன். "பக்கத்துல அப்பா நின்னாருண்ணா. எம்.டெக்.னு சொன்னா இன்னும் ரெண்டு வருஷமான்னு முகம் வாடிரும்." எம்.டெக். சேர்றதுக்கான கேட் (GATE) பரீட்சை எழுதி ஏற்கெனவே நல்ல மார்க் வாங்கி வெச்சிருந்துச்சு. மாசம் 12,400 ரூபா ஸ்டைபண்ட் வரும்னு தெரிஞ்ச அன்னைக்கு அப்பா பூ மார்க்கெட் பூராவும் சொல்லிட்டு வந்தாராம், "படிக்கிறதுக்குச் சம்பளம் தர்றாங்கய்யா"ன்னு.

கிண்டி சிவில் 94:

நீங்க எழுதினதைப் படிச்சதும் எங்க கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ்ல 1943-ல எலக்ட்ரிக்கல் முடிச்ச, நாட்டோட முதல் பெண் இன்ஜினீயர்கள்ல ஒருத்தரான ஏ. லலிதா ஞாபகம் வந்தாங்க. 18 வயசுல கணவர் தவறிட்டார், கையில நாலு மாசக் குழந்தை. அப்பா அதே காலேஜ்ல எலக்ட்ரிக்கல் புரொபசர். கூடவே சிவில்ல பி.கே. த்ரேசியா, லீலாம்மா ஜார்ஜ்னு ரெண்டு பேர். பட்டச் சான்றிதழ்ல ஆணைக் குறிக்கிற சொல்தான் அச்சாகியிருந்ததாம், அதை அடிச்சுட்டுப் பெண்ணுக்கான சொல்லை எழுதிக் கொடுத்திருக்காங்க. லலிதா பின்னாடி பக்ரா நங்கல் அணைக்கான மின்பாதை வேலையில இருந்தாங்க. த்ரேசியா கேரளப் பொதுப்பணித்துறையில தலைமைப் பொறியாளர் வரைக்கும் போனாங்க.

எங்க பேட்ச்ல சிவில் முதல் ரேங்க் என் ரூம்மேட். ஹாஸ்டல் மொட்டை மாடியில உட்கார்ந்து "ஒரு அணையாவது கட்டிட்டுத்தான்டி ஓய்வேன்"னு சொல்லுவா. அரசு வேலையில ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர் ஆனா. அணை கிடைக்கல. ஏரி மதகும், உபரித் தண்ணி வழியுற கலிங்கும்தான் கிடைச்சுது. ஒருநாள் நான் பார்க்கப் போயிருந்தேன். முழங்கால் சேத்துல நின்னு மதகு ஷட்டரோட திருகுக் கம்பியைப் பார்த்துக்கிட்டிருந்தா. புதுசா வந்த கான்ட்ராக்டர் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "ஏ.இ. சார் எங்கம்மா?"ன்னார். "சார் சேத்துல நிக்கிறாரு, நீங்களும் இறங்குங்க"ன்னா. அவரும் செருப்பைக் கழட்டிட்டு இறங்கிட்டார்.

அணை வருத்தம் இன்னும் இருக்கு அவளுக்கு. ஆனா அந்த ஏரியில எந்த மடை எத்தனை ஏக்கருக்குப் பாயும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா.

ஹீலியம் பாட்டில்:

நான் சொல்லப்போறது என் அறைத்தோழன் கதை. எம்.எஸ்ஸி. பிசிக்ஸ், தங்க மெடல். 2017-ல அமெரிக்காவுல மேல படிக்கிறதுக்கான ஜி.ஆர்.ஈ. பரீட்சை எழுதணும்னு ஆசை. ஃபீஸ் 205 டாலர், அப்ப கணக்குக்கு பதிமூணாயிரத்துக்கு மேல. வீட்ல கேட்க முடியாது. மெடலை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் அடகுக் கடைக்குப் போனோம். சேட்டு அதை உரைகல்லுல ஒரு இழுப்பு இழுத்தார், ஆசிட் ஒரு சொட்டு விட்டார். கல்லுல விழுந்த கோடு மறைஞ்சு போச்சு. "தம்பி, மேலதான் முலாம்"னு துணியில துடைச்சு டப்பாவுல போட்டுத் திருப்பிக் கொடுத்தார். உரைச்ச தடம் இன்னும் அந்த மெடல்ல இருக்கு. வெளிய வந்து டீ குடிச்சோம், சிரிப்பு அடங்கவே இல்ல.

அமெரிக்காவை மறந்துட்டு இங்கேயே நெட் (NET) தகுதித் தேர்வு எழுதினான். ரெண்டாவது தடவை ஜே.ஆர்.எஃப்., அதாவது ஆராய்ச்சி பண்றவங்களுக்கான மாச உதவித்தொகை கிடைச்சுது. ஜே.ஆர்.எஃப். தொகை 2019-ல 31,000 ரூபா, 2023-ல 37,000 ஆச்சு. ஆனா மாசா மாசம் ஒழுங்கா வரும்னு நினைக்காதீங்க. சில சமயம் மூணு நாலு மாசம் சேர்த்து வரும், அதுவரை மெஸ் கடன்தான். அவன் வேலை திரவ ஹீலியத்துல, 4.2 கெல்வின். அந்தக் குளிர்ல சில உலோகம் மின்தடையே இல்லாம ஆயிடும், அதைத்தான் வருஷக்கணக்கா அளந்துக்கிட்டிருந்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போனா பாட்டி கேட்பாங்களாம்: "இன்னுமாய்யா பாஸாகல?" இப்ப பிஎச்.டி. தீசிஸ் கொடுத்துட்டான், அடுத்து போஸ்ட்-டாக், அதாவது பிஎச்.டி.க்கு அப்புறமும் ஆராய்ச்சிதான். பாட்டிகிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னுதான் கவலைப்படுறான்.

டிப்ளமோ வாத்தியார்:

சுருக்கமா எழுதுறேன், பேப்பர் திருத்த வேண்டியிருக்கு. நான் பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் எடுக்கிறேன். எங்க பசங்களுக்கு டிப்ளமோன்னு வெளிய சொல்லவே கூச்சம். 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் ஹாஸ்டல் டி.வி. ரூம்ல நிக்க இடமில்லை. சந்திரயான்-3 இறங்கினதும் கத்தினாங்க, சரி, அது எல்லா இடத்துலயும் நடந்ததுதான். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியர் மகன், முதல்ல படிச்சது டிப்ளமோன்னு டி.வி.யில சொன்னாங்க பாருங்க, அப்பதான் ரூமே அமைதியாச்சு. கடைசி பெஞ்ச் பையன் ஒருத்தன் என்கிட்ட வந்து, "சார், அவரும் நம்ம மாதிரி ஒர்க்‌ஷாப்ல அரம் பிடிச்சு ஃபைலிங் போட்டிருப்பாரா?"ன்னான். போடாம எப்படிடா டிப்ளமோ தருவாங்கன்னேன். அவன் இப்ப லேட்டரல் என்ட்ரியில, அதாவது டிப்ளமோவை வெச்சு நேரா ரெண்டாம் வருஷத்துல சேர்ந்து, பி.இ. மூணாம் வருஷம். முதல் செமஸ்டர்ல மேத்ஸ் அரியர் விழுந்து அழுதுக்கிட்டு போன் பண்ணினான், எழுதிக் கிளியர் பண்ணிட்டான். இஸ்ரோ தலைவரா 2025 ஜனவரியில வந்த நாராயணனும் டிப்ளமோவில ஆரம்பிச்சவர்தான்னு அவனே எனக்கு மெசேஜ் போட்டான்.

மெஷின்ஸ் லேப்காரன்:

எல்லாருக்கும் நன்றி. அந்த அடகுக் கடை சமாச்சாரத்தை வீட்ல வாசிச்சுக் காட்டினேன், வீட்டுக்காரி நம்பமாட்டேங்கிறா.

அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்ணுதுன்னு நாலு பேர் தனியா கேட்டிருந்தீங்க. ஓசூர் பக்கம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டாருக்கு கன்ட்ரோலர் டிசைன் பண்ற வேலை. நேத்து இந்த இழையை அனுப்பி வெச்சேன், ராத்திரி வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. ஸ்கூட்டர் ஒரு வேகத்துக்கு மேல போகணும்னா மோட்டாரோட ஃபீல்டைக் கொஞ்சம் கொஞ்சமா வலுக்குறைக்கணுமாம், அதுக்குத்தான் புரோகிராம் எழுதுதாம். "அன்னைக்கு நீங்க பண்ணாதேன்னு பயமுறுத்தினதைத்தாண்ணா இப்ப வேணும்னே பண்றேன். நான் போட்ட படம் இருக்கா?"

இருக்கு. ஸ்டார்ட்டர் வெச்சிருக்கிற அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினது, நான் ரிட்டையர் ஆகுற வரைக்கும் அங்கதான் இருந்துச்சு. ஓரமெல்லாம் பழுத்துப் போச்சு. புதுசா வந்திருக்கிற அசிஸ்டென்ட் தம்பிக்கு போன் போட்டுக் கேட்டேன். "அதுவாண்ணே? யார் போட்டதுன்னு தெரியாது, பசங்க கேட்டா கதவைத் திறந்து காட்டிருவேன்"னான்.