ஜிம்மி ஹில்: மேனேஜராக இருந்தவர் கிளப்பையே நடத்தினால்?

கேள்வி:
நண்பர்களே, இங்கிலாந்து கால்பந்து கிளப் கோவென்ட்ரி சிட்டியில் ஜிம்மி ஹில் ரெண்டு தடவை இருந்தார்னு படிச்சேன். ரெண்டு தடவையும் ஒரே வேலைதானா? 3 புள்ளி முறைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? லண்டன் கிளப் ஃபுல்ஹாமை அவர் காப்பாத்தினார்னு சொல்றாங்களே, எதிலிருந்து?

பதில் 1:
வேலை வேற வேற. 1961 நவம்பர்ல வந்தது மேனேஜரா. லீக்கிலேயே இல்லாத கிங்ஸ் லின்னிடம் எஃப்ஏ கோப்பையில் தோத்து, கிளப் மூன்றாம் டிவிஷனில் கிடந்த நேரம். அதுக்கு முன்னாடியே வீரர்கள் சங்கத் தலைவரா இருந்து, வாரம் 20 பவுண்டுங்கிற சம்பள உச்சவரம்பை 1961 ஜனவரியில் உடைச்சவர். கோவென்ட்ரியில் வான்நீல ஜெர்சி, அதே பேரில் பாட்டு, வெளியூர் ஆட்டத்துக்கு ரசிகர் ரயில் எல்லாம் அவர் கொண்டுவந்தது. 1964ல் மூன்றாம் டிவிஷன், 1967ல் இரண்டாம் டிவிஷன் பட்டம். முதல் டிவிஷன் தொடங்கும் நேரத்தில் விலகி டிவிக்குப் போயிட்டார். 1975ல் திரும்பினது நிர்வாக இயக்குநரா, பிறகு தலைவர்.

பதில் 2:
3 புள்ளிக்குக் கணக்கு இதுதான். பழைய முறையில் வெற்றிக்கு 2, டிராவுக்கு 1. நாலு ஆட்டமும் டிரா ஆனா 4 புள்ளி. ரெண்டு வெற்றி, ரெண்டு தோல்வி ஆனாலும் 4. அப்போ வெளியூர் போற அணி எதுக்கு முன்னேறி ஆடணும்? வெற்றிக்கு 3னு வெச்சதும் ரெண்டாவது அணிக்கு 6. ஹில் விடாம வாதாடினார், 1981-82 சீசனில் இங்கிலாந்து லீக் ஏத்துக்கிச்சு. உலகக் கோப்பைக்கு வர 1994 ஆச்சு.

அதே 1981ல் கோவென்ட்ரியோட மைதானமான ஹைஃபீல்டு ரோடு முழுக்க இருக்கை போட்டார், இங்கிலாந்தில் அதுதான் முதல். உட்கார்ந்தவன் வம்புக்குப் போகமாட்டான்னு கணக்கு. வம்புக்காரங்க நாற்காலியையே பிடுங்கி எறிஞ்சாங்க. நின்னு பார்க்கிறவங்களுக்கும் பிடிக்கலை. ஒரு பகுதியில் இருக்கைகளை மறுபடி எடுக்க வேண்டியதாச்சு. 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசல் விபத்துக்குப் பிறகு 1990ல் வந்த டெய்லர் விசாரணை அறிக்கை பரிந்துரைச்சதும் இதையேதான். யோசனை சரி, காலம்தான் முந்திடுச்சு.

பதில் 3:
1977 மே 19ஐ விட்டுட்டீங்க. கோவென்ட்ரி, பிரிஸ்டல் சிட்டி, சண்டர்லாந்து மூணில் ஒண்ணு முதல் டிவிஷனிலிருந்து கீழிறங்கணும். கூட்டம் உள்ளே வரலைன்னு கோவென்ட்ரி-பிரிஸ்டல் சிட்டி ஆட்டம் தாமதமா தொடங்குது. எவர்ட்டனில் சண்டர்லாந்து 0-2ன்னு முடிஞ்சதும் ஸ்கோர்போர்டில் அந்த முடிவைப் போட்டாங்க. இங்கே 2-2. டிரா ஆனா ரெண்டு பேரும் தப்பிப்பாங்க, அதனால மிச்ச நேரம் பந்து பின்வரிசையிலேயே உருண்டுச்சு. லீக் ஹில்லைக் கண்டிச்சது. கடைசிச் சுற்று ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்கணும்னு சொல்றது இதுக்குத்தான். சண்டர்லாந்துக்காரர்கள் இன்னிக்கும் மன்னிக்கலை, அதில் நியாயம் இருக்கு.

பதில் 1:
ஹில்லோட அமெரிக்க முதலீடும் சறுக்கல்தான். அவர் பணம் போட்ட டெட்ராய்ட் எக்ஸ்பிரஸ் கால்பந்து கிளப் 1981ல் வாஷிங்டனுக்கு இடம் மாறி, அந்த சீசனோட மூடிடுச்சு.

ஃபுல்ஹாம் விஷயம்: 1987ல் உரிமையாளரா இருந்த மார்லர் எஸ்டேட்ஸ் ஒரு நில நிறுவனம். கிளப்பை இன்னொரு லண்டன் கிளப்பான குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸோட இணைச்சுட்டா, தேம்ஸ் கரையில் இருக்கிற ஃபுல்ஹாம் மைதானம் கிரேவன் காட்டேஜில் வீடு கட்டலாம். ஹில் ஒரு குழு சேர்த்து கிளப்பை வாங்கித் தலைவரானார். ஆனா வாங்கினது கிளப்பை மட்டும். மைதானம் நிலக்காரங்க கையிலேயே இருந்துச்சு. அதனால பல வருஷம் வாடகைக்காரன் மாதிரி மைதானத்துக்கே போராடினாங்க. 1997ல் தொழிலதிபர் அல் ஃபயத் வாங்குற வரை கிளப் உயிரோட இருந்ததுக்குக் காரணம் அந்த 1987 கையெழுத்து.