ஃபிளிக் அன் ஃபிளாக்கில் தங்கியிருக்கிறேன், கையைக் கடிக்காத சாப்பாடு எங்கே கிடைக்கும்?

மதுரைப்பெண்:

எல்லாருக்கும் வணக்கம். அலுவலக வேலையாக ஐந்து மாதத்துக்கு மொரீஷியஸ் வந்திருக்கிறேன். வேலை எபேனில், ஆனால் கடல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையில் வீட்டை ஃபிளிக் அன் ஃபிளாக்கில் பிடித்துவிட்டேன். மூன்று வாரம் ஆகிறது. கடற்கரைச் சாலை உணவகங்களில் இரண்டு வேளை சாப்பிட்டால் ஊரில் ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்குகிற பணம் போய்விடுகிறது. போன சனிக்கிழமை ஒரு இடத்தில் சைவமாக என்ன இருக்கிறது என்று கேட்டேன், வேகவைத்த கேரட்டும் பீன்ஸும் உருளைக்கிழங்கு வறுவலும் ஒரு தட்டில் வந்தது, பில்லைப் பார்த்ததும் மனசே விட்டுப்போயிற்று. இங்கே ஒரு ரூபாய் என்றால் நம் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு ரூபாய் என்பதை அப்போதுதான் முழுசாக உணர்ந்தேன்.

என் கேள்வி இதுதான். இந்த ஊர்க்காரர்கள் தினமும் எங்கே சாப்பிடுகிறார்கள்? ஜனவரியில் அப்பாவும் அம்மாவும் இரண்டு வாரம் வருகிறார்கள், அம்மா முட்டைகூடத் தொட மாட்டார். வீட்டில் அடுப்பு இருக்கிறது, சமைக்கலாம், ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் காய்கறி விலையும் குறைவாகத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரோஸ்ஹில்_தஞ்சாவூரான்:

வணக்கம் மா. நான் ஏழு வருஷமாக இங்கே இருக்கிறேன், முதல் மாதம் நீங்கள் செய்த அதே செலவை நானும் செய்தேன். முதலில் கடற்கரையை விட்டு உள்ளே வாருங்கள். சுற்றுலாப் பயணிகள் நடக்கிற சாலையில் இருக்கிற விலை வேறு, பேருந்து நிலையத்தைச் சுற்றி இருக்கிற விலை வேறு. உங்கள் ஊரிலிருந்து காத்ர் போர்னுக்கு நேராகப் பேருந்து இருக்கிறது, அங்கே இறங்கினால் மெட்ரோ பிடித்து ரோஸ் ஹில், போர்ட் லூயிஸ் எங்கே வேண்டுமானாலும் போகலாம், மெட்ரோ போகிற ஊர்கள் எல்லாமே வேலைக்குப் போகிறவர்கள் மதியம் சாப்பிடுகிற ஊர்கள்தான்.

முதலில் சாப்பிட வேண்டியது தோல் பூரி. நம் கண்ணுக்குப் போளி மாதிரி இருக்கும், இனிப்பு கிடையாது. மஞ்சள் பட்டாணிப் பருப்பை மஞ்சள்தூள் போட்டு வேகவைத்து, சீரகத்தோடு மாவு மாதிரிப் பொடித்து, மைதா உருண்டைக்குள் அடைத்து மெல்லிசாகத் தேய்ப்பார்கள், பருப்பு வெந்த தண்ணீரையே மாவு பிசையவும் எடுத்துக்கொள்வார்கள், அதனால்தான் ஆறினாலும் துணி மாதிரி மெத்தென்று இருக்கிறது. கடையில் நின்று பாருங்கள், அந்த ஆள் இரண்டு பூரியை ஒன்றின் மேல் ஒன்றாக லேசாகத் தள்ளி வைத்து, ஒரு கரண்டி கிரோ புவா கறி (நம்ம டபுள் பீன்ஸ்தான்), ஒரு கரண்டி தக்காளி ருகாய், கொத்தமல்லிச் சட்னி, கேட்டால் மிளகாய் எல்லாம் தடவி, காகிதத்தில் சுருட்டிக் கையில் கொடுப்பதற்குள் பத்து விநாடிகூட ஆகாது. எப்போதும் ஜோடியாகத்தான் விற்பார்கள். இங்கே எல்லாரும் பேசுகிற கிரியோல் மொழியில் ஒரு ஜோடி என்பதற்கு 'என் பேர்' என்று சொல்வார்கள், தமிழ் காதுக்கு அப்படியே 'என் பேர்' என்றே கேட்கும், பதில் சொல்லிவிடாதீர்கள். நான் கடைசியாக வாங்கியபோது ஜோடி 25 ரூபாய். இரண்டு ஜோடி சாப்பிட்டால் மாலை வரை பசிக்காது. ரோஸ் ஹில்லில் தேவா கடை பேர் பெற்றது, வரிசை நீளம்தான், ஆனால் சீக்கிரம் நகரும்.

காலையில் கத்தோ பீமா. நம்ம பருப்பு வடையை உருண்டையாகப் போட்டால் எப்படி இருக்கும், அதுதான். சூடான ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவி நாலைந்து வடையை உள்ளே வைத்து நசுக்கித் தருவார்கள். ரொட்டிக்கு இங்கே அரசாங்கமே விலை நிர்ணயிக்கிறது, அதனால் ஏழை பணக்காரர் எல்லாருக்கும் காலைச் சாப்பாடு இதுதான்.

நேரம் முக்கியம். தெருக்கடைகளில் நல்ல சரக்கு காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரைக்கும்தான், அப்புறம் பல பேர் மூட்டை கட்டிவிடுவார்கள். நம் ஊர் மாதிரி ராத்திரி பத்து மணிக்குக் கையேந்தி பவன் இருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள்.

காத்ர்போர்ன்_அத்தை:

அன்பு மகளே, நான் இந்தத் தீவிலேயே பிறந்தவள். எங்கள் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று, வீட்டில் பேசுவது கிரியோல், தமிழ் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் படித்தது. தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனால் கடையில் மட்டும் சாப்பிட்டு ஐந்து மாதம் ஓட்ட வேண்டாம். உன்னிடம் அடுப்பு இருக்கிறது, காத்ர் போர்ன் சந்தைக்கு வா. புதன், சனி காய்கறி. வியாழன், ஞாயிறு துணி, அந்த நாளில் வந்து ஏமாந்து போகாதே.

சந்தைக்குள் வந்ததும் உனக்கு ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. நீ ஆங்கிலத்தில் கேட்டுக் கஷ்டப்பட வேண்டாம், பாதிக் காய்களின் பெயர் நம்முடையதுதான், நாக்கு மாறிப்போய் இருக்கிறது, அவ்வளவுதான். கறிவேப்பிலைக்கு 'கரிபுலே' என்று சொல். கொத்தமல்லிக்கு 'கொத்தோமிலி', இதைச் சீனர் கடையிலும் முஸ்லிம் கடையிலும் கிரியோல்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், பேச்சில் வேறு பேரைக் கேட்பது அரிது. முருங்கைக்கீரை 'பிரேத் முரும்', முருங்கைக்காய் 'பாத்தோன் முரும்'. பீர்க்கங்காய் 'பிபங்காய்'. ரசத்துக்கு 'ரசோன்'. எங்கள் தாத்தா பாட்டிகள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைத்தவர்கள், ஆனால் அவர்கள் சமையலறையில் சொன்ன சொல்லை இன்றைக்குத் தீவு முழுக்கப் பேசுகிறது. எனக்கு இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

மற்றதையும் தெரிந்துகொள், வெண்டைக்காய் 'லாலோ', கத்தரிக்காய் 'பிரின்ஜேல்', பாகற்காய் 'மார்கோஸ்', புடலங்காய் 'பத்தோல்', தக்காளி 'பொம்தாமூர்'. சேப்பங்கிழங்கு இலை 'பிரேத் சோஞ்ச்', அதைப் புளி ஊற்றிச் சமைக்காவிட்டால் தொண்டை அரிக்கும். கீரையைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள், இருப்பதிலேயே மலிவு அதுதான். எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் சோறு, பருப்பு, ஒரு பிரேத் (கீரை), மேலே தக்காளிச் சட்னி. சட்னியை மிக்சியில் போடாதே, 'ரோஸ் கறி' என்று அம்மிக்கல் எங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, குழவிக்குப் பேர் 'பாபா', அதாவது குழந்தை. அதில் அரைத்த சட்னியின் ருசியே வேறு.

ஒரு எச்சரிக்கை. ஜனவரி புயல் மாதம். புயலோ பெருமழையோ வந்து போனால் தக்காளியும் கீரையும் ஒரே வாரத்தில் விலை ஏறிவிடும், சில நாள் கண்ணிலேயே படாது. அப்போது நாங்கள் பருப்பு, உலர்ந்த பயறு, பூசணி, சௌசௌ வைத்துச் சமாளிப்போம். அம்மா அப்பா வருவதற்கு முன்னால் பருப்பு வகையைக் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்.

நிரஞ்சனா_போர்ட்லூயிஸ்:

சைவம் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன், என் மாமியாரும் சுத்த சைவம். தோல் பூரி, கத்தோ பீமா பயமில்லை. ஃபராத்தா (நம்ம பரோட்டாவின் மெல்லிசான உறவு) வாங்கும்போது உள்ளே வைக்கிற கறி என்ன என்று கேட்டே ஆக வேண்டும். ருகாய் என்றால் தக்காளிக் கறி, ஆனால் அதிலேயே கருவாடு போட்டது, தொத்திறைச்சி போட்டது என்று உண்டு. மீன் ஃபிரித் என்கிற வறுத்த நூடுல்ஸ் எங்கே பார்த்தாலும் மலிவாகக் கிடைக்கும். பேரில் வருகிற மீன் நம்ம மீன் இல்லை, நூடுல்ஸுக்கு இங்கே மீன் என்று பேர். ஆனால் காய்கறி மட்டும் போட்டது என்று சொன்னாலும் ஆய்ஸ்டர் சாஸ் ஊற்றுவார்கள், முட்டையும் விழும். சௌசௌவில் செய்கிற கொழுக்கட்டை மாதிரியான பூலேத் பார்க்கச் சைவமாகத் தெரியும், இறால் கலந்திருக்கலாம். 'மோ பா மான்ஜ் லாவியான், பா மான்ஜ் புவாசோன், பா மான்ஜ் திஜேஃப்' என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள், அதாவது இறைச்சி, மீன், முட்டை. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்வார்கள், அவர்கள் மேல் தப்பில்லை.

மதுரைக்காரர் என்பதால் இன்னொன்று. போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தைக்குள் பிள்ளை ஆலுடா கடை இருக்கிறது. பால், கடல்பாசி, சப்ஜா விதை, சில்லென்று ஒரு கிளாஸ். ஜிகர்தண்டாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் சந்தை சுற்றிவிட்டு அதைக் குடித்தால் உயிர் திரும்பி வரும்.

மதுரைப்பெண்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. நேற்று சனிக்கிழமை காத்ர் போர்ன் போனேன். அத்தை சொன்ன மாதிரியே ஒரு பாட்டியிடம் "கரிபுலே" என்று கேட்டேன், அவர் ஒரு கொத்து எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசே வாங்கவில்லை, நம்ம ஊரில் காய்கறியோடு கொசுறாகக் கொடுப்பார்களே, அதே மாதிரி. பீர்க்கங்காய், முருங்கைக்கீரை, தக்காளி, பூசணிக்கீற்று எல்லாம் சேர்த்து, அன்றைக்கு அந்த உணவகத்தில் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை, வாரம் முழுக்க வரும். தோல் பூரியும் சாப்பிட்டேன். முதல் வாயிலேயே கறி முழங்கை வரை வழிந்துவிட்டது, பக்கத்தில் நின்ற ஒரு அண்ணன் காகிதத்தின் அடிமுனையை மடித்துப் பிடிக்கக் காட்டிக்கொடுத்தார்.

அத்தை, இன்னும் ஒரு கேள்வி. அம்மா அப்பா இருக்கும்போது தைப்பூசம் வரும் போலிருக்கிறது. அன்றைக்குக் கடை ஏதும் திறந்திருக்குமா?

காத்ர்போர்ன்_அத்தை:

தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை மகளே, கடையை நம்ப வேண்டாம், கோயிலுக்கு வாருங்கள். கோர் தெ கார்த் மலையில் முருகன் கோயில் இருக்கிறது, போர்ட் லூயிஸ் பக்கம் என்றால் மீனாட்சி அம்மன் கோயில், காவடி எல்லா ஊரிலும் எடுப்பார்கள். காவடி இறங்கி பூஜை முடிந்ததும் வாழை இலை போட்டு 'செத் கறி' பரிமாறுவார்கள், ஏழு கறி என்று பொருள், எல்லாமே சைவம். பிஞ்சுப் பலாக்காய், பூசணி, கத்தரிக்காய், கிரோ புவா, அப்புறம் ரசோன், பாயசம். பலாப்பிஞ்சை எண்ணெய் தடவிய கையால் நறுக்குவது முதல் நாள் ராத்திரியே தொடங்கிவிடும், ஊர்ப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து செய்வோம். யார், எந்த ஊர் என்று கேட்காமல் இலை போடுவார்கள், காசு கிடையாது. விருப்பம் இருந்தால் உண்டியலில் போடலாம்.

அம்மாவுக்குத் தரையில் உட்கார முடியாவிட்டால் நாற்காலி கேட்கச் சொல், கூச்சப்பட வேண்டாம். வெயில் நெருப்பாக இருக்கும், அப்பாவுக்குத் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள். அன்றைக்குச் சாலைகளை மறித்துவிடுவார்கள், பேருந்து சுற்றிப் போகும், ஏழு மணிக்குள் ஃபிளிக் அன் ஃபிளாக்கிலிருந்து கிளம்பிவிடுங்கள். முதல் நாள் ராத்திரி பலாக்காய் நறுக்க வருகிறாய் என்றால் இங்கேயே எழுது, ஒரு அரிவாள்மனை உனக்காக எடுத்து வைக்கிறேன்.