டேட்டாபேஸுக்குள்ள எழுதி வச்சிருக்கிற பழைய ப்ரொசீஜர (ஒரு வேலைக்கான எஸ்கியூஎல் கட்டளைத் தொகுப்ப) துப்பரவாக்கப் போய் நடந்த கதைகள் சொல்லுங்க

கல்முனை_மச்சான்:
சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல்லு மில், பில் போடுற ப்ரொசீஜர், உள்ளுக்க எத்தின டெம்ப் டேபிள் (தற்காலிக அட்டவணை) எண்டு எழுதினவருக்கே தெரியா. எனக்கு முந்தி இருந்த பொடியன் அத நல்லாத்தான் சுருக்கி வச்சிருந்தான், வாசிக்க வடிவா இருக்கும், ஆனா ரெண்டு லிஸ்ட அப்படியே சேக்கிற யூனியன் ஆல் இருந்த இடத்துல வெறும் யூனியன், அது ஒரே மாதிரி ரோ (வரிசை) ரெண்டு இருந்தா ஒண்டாக்கிரும். பெரும்போக அறுவடை நேரம் போடியார் (பெரிய வயல்காரர்) ஒராள் வந்து, சத்தமே போடாம நெல்லு நிறுத்த ரெண்டு துண்டையும் மேசையில பக்கத்துல பக்கத்துல வச்சார். ஒரே நாள், ஒரே நெல்லு, ரெண்டுலயும் ஒரே நிறை. சிஸ்டத்துல ஒண்டுதான். "நான் இறக்கினது ரெண்டு லோட் மனே" எண்டார். அவர் ஏசியிருந்தாக் கூட மறந்திருப்பன்.

செங்கலடியான்:
யூனியனுக்கு என்னத்துக்கு ஏசுறீங்க? துண்டு நம்பரையும் செலெக்ட்ல போட்டிருந்தா ரெண்டு ரோவும் வேற வேற, அது தொடவே தொடாது. எனக்கு நடந்தது மைஎஸ்கியூஎல் எண்ட டேட்டாபேஸ்ல. டேபிள் ஒண்டப் பிரிக்கிற ஸ்க்ரிப்ட், ட்ரான்ஸாக்‌ஷனுக்குள்ளதானே கிடக்கு பயப்படாத எண்டார் சீனியர், நடுவுல பிழைச்சுது, செஞ்சதெல்லாம் பழையபடி திருப்ப ரோல்பேக் அடிச்சார், ஓகே எண்டும் வந்துது, பாத்தா பாதிக் கொலம் (நிரல்) இல்ல. அதுல டேபிள்ட அமைப்ப மாத்துற ஆல்டர் டேபிள் வந்தா தானாக் கமிட் ஆகிரும், பிறகு திருப்ப ஏலா. போஸ்ட்கிரெஸ் எண்ட வேற டேட்டாபேஸ்ல பழகின மனிசன், அங்க திருப்பலாம். அந்த ஓகேயையே பாத்துக்கொண்டு இருந்தார் பாவம்.

அக்கரைப்பற்று_நானா:
எனக்குப் பெரிய கத இல்ல. சம்பளக் கணக்க எஸ்கியூஎல் சேர்வர் டேட்டாபேஸ்ல இருந்து சி ஷார்ப் ப்ரோக்ராமுக்கு எடுத்தம், அங்கங்க ஒரு சதம் இடிச்சிச்சி. சேர்வர்ல ரவுண்ட் 2.5 ஐ 3 ஆக்கும், சி ஷார்ப்ல மேத் ரவுண்ட சும்மா கூப்பிட்டா 2. அவ்வளவுதான். ஆனா தம்பிமாரே, பழைய ப்ரொசீஜர உடன அழிக்காதீங்க, புதுச வேற பேர்ல பக்கத்துல வைங்க, போன போகத்து டேட்டாவுல ரெண்டையும் ஓட்டி ஒண்டுல இருந்து மத்ததுல இல்லாத ரோவக் காட்டுற எக்செப்ட்ட ரெண்டு பக்கமும் போட்டுப் பாருங்க, வெறுமையா வந்தாத்தான் மாத்துங்க. கொலத்தையும் அப்படித்தான், முதல்ல புதுசச் சேருங்க, கொஞ்ச நாளைக்கு ரெண்டுலயும் எழுதுங்க, பழைய ரோக்கள நிரப்புங்க, மறுகா வாசிக்கிறத மாத்துங்க, ட்ராப் எல்லாத்துக்கும் கடைசி. ஒரே ராவுல துப்பரவாக்குற ஆசைய விடுங்க. பேக்கப் எடுத்தா மட்டும் காணாது, ரீஸ்டோர் பண்ணியும் பாக்கணும், இதயும் ஆரும் கேக்கல்ல எண்டு தெரியும், சொல்லி வைக்கிறன்.

கல்முனை_மச்சான்:
நானா, எக்செப்ட்டும் டூப்ளிகேட்ட விழுங்குமே! போடியார்ட கேஸ்ல பழையதுல ரெண்டு ரோ, புதுசுல ஒண்டு, உங்கட முறையில ரெண்டு பக்கமும் வெறுமையாத்தான் வரும். எஸ்கியூஎல் சேர்வர்ல டூப்ளிகேட்டையும் எண்ணிப் பாக்கிற எக்செப்ட் ஆலும் இல்ல. ஆள் ஆளா குரூப் பண்ணி, எத்தின ரோ, மொத்த நிறை என்ன எண்டு ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் பிடிபடும். செங்கலடியான், துண்டு நம்பர் அந்த டேபிள்லயே இல்ல, அத கொப்பியிலதான் எழுதுவாங்க.