ஒரே நாளில் மூன்று சைஸ் ஆனேன்: துணிக்கடை, தையல்கடை அனுபவங்களைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை:

போன மாதம் சமயபுரத்தில் அண்ணன் பேத்திக்கு மொட்டையும் காதுகுத்தும். அந்த வெயிலில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நிற்க முடியாது, நல்லதாக ஒரு குர்தி எடுக்கலாம் என்று திருச்சியில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். வயது 44, உயரம் ஐந்தடி இரண்டு, எடை 78 கிலோ. இதில் மறைக்க ஒன்றுமில்லை, கடை வாசலிலேயே ஒரு பெண் என்னை எடை போட்டுவிட்டாள். நான் வாய் திறப்பதற்குள் "அக்கா, உங்க சைஸ் மேல் மாடியில" என்றாள். ஏறிப் போய்ப் பார்த்தால் மேல் மாடியில் இருந்தது நைட்டி!

திரும்ப இறங்கி வந்து நானே மூன்று கம்பெனி குர்தி எடுத்துக்கொண்டு ட்ரயல் ரூமுக்குள் போனேன். முதலாவது எக்ஸ்எல். முழங்கைக்கு மேல் ஏறாமல் சிக்கிக்கொண்டது. கழற்றிவிட அந்தப் பெண்ணையே உள்ளே கூப்பிட வேண்டியதாயிற்று. இரண்டாவது டபுள் எக்ஸ்எல். கை நுழைந்தது, ஆனால் தோள் இரண்டும் இறங்கி அக்கா சட்டையைப் போட்ட தங்கச்சி மாதிரி நின்றேன். மூன்றாவது வெறும் எல். சும்மா போட்டுப் பார்ப்போம் என்று போட்டால் கச்சிதம். லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எல் என்றுதான் போட்டிருந்தது. கத்தரிப்பூ நிறம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் அதிலேயே இரண்டு வாங்கிவிட்டேன்.

புடவைக்கு அளவே கிடையாது, யாரும் கட்டலாம் என்பார்கள். ஜாக்கெட்டுக்கு இருக்கிறதே! அடுத்த கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க வேண்டும், இப்போதே பயமாக இருக்கிறது. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

கத்தரியும் டேப்பும்:

சேலத்தில் 22 வருடமாக லேடீஸ் டெய்லர். கடைக்கு வருகிறவர்கள் முதலில் ஒரு பழைய ஜாக்கெட்டை நீட்டி "இதே அளவு" என்பார்கள். அது நாலு வருடத்துக்கு முன்னால் தைத்ததாக இருக்கும். நடுவில் இரண்டு தடவை பிரித்து விட்டிருப்பார்கள், துவைத்துத் துவைத்துத் துணி இழுபட்டிருக்கும். அதைப் பார்த்துத் தைத்தால் அந்த ஜாக்கெட்டுக்குத்தான் சரியாக இருக்கும், அவர்களுக்கு இருக்காது. அளவு ஜாக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்வேன், கழுத்து டிசைன் பார்க்க மட்டும். அளவு உடம்பில்தான் எடுப்பேன்.

அதிலும் ஒரு சிக்கல். டேப்பைச் சுற்றியதும் எல்லோரும் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். என்னமோ நான் மார்க் போடப்போகிறேன் என்கிற மாதிரி. "இன்னிக்கு வீட்ல என்ன குழம்பு?" என்று கேட்பேன். பதில் சொல்லத் தொடங்கியதும் மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும், அந்த நேரத்தில் அளவைக் குறித்துக்கொள்வேன். எந்த உள்ளாடையோடு போடப்போகிறீர்களோ அதையே போட்டுக்கொண்டு வந்து அளவு கொடுங்கள். அது மாறினால் மார்பளவு மாறும், டக் (மார்புக்கு வடிவம் வரத் துணியை மடித்துத் தைப்பது) விழும் இடமும் மாறும்.

பருமனாக இருப்பவர்களுக்கு ஜாக்கெட் தொந்தரவு பெரும்பாலும் கைக்குழியில்தான் வரும். "அக்குள்ல பிடிக்குது, குழியைப் பெருசா வெட்டுங்க" என்பார்கள். அப்படி வெட்டினால் கீழே தொங்கவிட்ட கைக்குச் சுகமாகத்தான் இருக்கும். கையைத் தூக்கிப் பாருங்கள், ஜாக்கெட் மொத்தமும் மேலே ஏறிவரும். குழி அக்குளை ஒட்டியே இருக்க வேண்டும், கையின் அகலத்தைத்தான் கூட்ட வேண்டும். இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். ஒரு டீச்சர் இரண்டு வருடம் என்னோடு சண்டை போட்டார். ஒரு தடவை நான் சொன்னபடி தைத்துக்கொண்டு போனவர், பிறகு போர்டில் எழுதும்போது முதுகு தெரிவதில்லை என்று அவராகவே வந்து சொன்னார்.

வலது கை இடது கையை விட அரை இஞ்சு பருத்திருப்பது நிறையப் பேருக்கு உண்டு. அப்படி இருந்தால் இரண்டு கைக்கும் தனித்தனியாக அளவெடுங்கள். 34 சைஸுக்கு டக் முடிகிற இடத்தில் 42 சைஸுக்கும் முடித்தால் கூர் தப்பான இடத்தில் நிற்கும். அதனால் தோளிலிருந்து டக் பாயிண்ட் வரை அளந்தாரா என்று கவனியுங்கள். அளக்கவில்லை என்றால் வேறு டெய்லரைப் பாருங்கள்.

துணி விஷயம் ஒன்று. புடவையோடு வரும் ஜாக்கெட் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான். மார்பு 42, முழங்கை வரை கை என்றால் அது பத்தாது, ஒரு மீட்டராவது வேண்டும். பத்தாத துணியில் தைக்கச் சொன்னால் டெய்லர் உள்ளே விடும் துணியைத்தான் குறைப்பார். பிறகு பிரித்து விட வழி இருக்காது. பக்கவாட்டில் ஒன்றரை இஞ்சு விட்டு மூன்று தையல் போடச் சொல்லுங்கள். லைனிங் காட்டனைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதல் துவையலிலேயே அது சுருங்கி மேல்துணியை இழுக்கும்.

ஒட்டிக்கோ மாமா:

பெண்களுக்கு மட்டும்தானா? என் பேன்ட் கதையைக் கேளுங்கள். வயிற்றுக்கு மேல் கட்டினால் இடுப்பு 44, வயிற்றுக்குக் கீழே கட்டினால் 38. 44 எடுத்தால் காலில் இரண்டு பேர் நுழையலாம். 38 எடுத்தால் உட்கார்ந்ததும் பட்டன் தெறிக்கும். கடையில் ஆல்டர் இலவசம் என்பார்கள், அது நீளத்தைக் குறைக்க மட்டும். எனக்கு நீளம் ஒருநாளும் பிரச்சினை இல்லையே!

சரி, நம் ஊர் வேட்டி இருக்கிறது என்று பார்த்தால் நாலு முழம் இரண்டு சுற்று முழுதாக வராமல் பாதியில் நின்றுவிடுகிறது. மச்சான் மகன் நிச்சயத்துக்கு ஒட்டிக்கிற வேட்டி கட்டிக்கொண்டு போனேன். பந்தியில் உட்கார்ந்து ரசம் வாங்கும் நேரத்தில் சர்ர்ரென்று ஒரு சத்தம். பக்கத்து இலைக்காரர் தன் துண்டைக் கொடுத்து மானத்தைக் காத்தார். அன்றிலிருந்து எட்டு முழம், அதன் மேல் பெல்ட். பேன்ட் இப்போது தைத்துத்தான் போடுகிறேன், பின்பக்கம் மட்டும் உள்ளே எலாஸ்டிக் வைத்து. வெளியே தெரியாது.

நூல்கண்டு திருப்பூர்:

குர்தி ஏன் மூன்று விதமாக இருந்தது என்று நான் சொல்கிறேன். பேட்டர்ன் மாஸ்டராக, அதாவது துணி வெட்டும் அச்சு போடுகிறவனாக, 15 வருடம், பெரும்பாலும் ஏற்றுமதி ஆர்டர்.

எல்லா சைஸையும் தனித்தனி ஆள்மேல் போட்டுப் பார்த்து யாரும் வெட்டுவதில்லை. ஒரு சைஸை, பல இடங்களில் எம் சைஸை, மாடலுக்குப் போட்டுப் பார்த்துச் சரிசெய்வார்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து கிரேடிங். ஒவ்வொரு படிக்கும் மார்பில் இத்தனை சென்டிமீட்டர் கூட்டு, தோளில் இத்தனை கூட்டு, கை நீளத்தில் இத்தனை என்று ஒரு கணக்கு. மேலே போகப் போக எல்லாம் சேர்ந்தே ஏறும். ஆனால் ஆள் பருத்தால் தோள் எலும்பு அகலமாகுமா, கைதான் நீளுமா? சதை வைப்பது வயிற்றில், மேல்கையில், இடுப்பில். அந்த டபுள் எக்ஸ்எல்லில் தோள் இறங்கியதற்கு நீங்கள் காரணமில்லை, எம் சைஸிலிருந்து மூன்று படி தள்ளி வந்த கணக்குதான் காரணம். பெரிய சைஸுக்கென்று தனியாக ஒரு பேஸ் பேட்டர்ன் போடும் கம்பெனிகளும் உண்டு. அவர்கள் துணி விலை கூடுதலாக இருக்கும், போட்டால் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று. டி-ஷர்ட்டை மேஜையில் விரித்து அக்குளுக்குக் கொஞ்சம் கீழே குறுக்காக அளப்போம், அதுதான் அரை மார்பு. அதில் ஒரு சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம் என்று ஆர்டர் தருபவரே அனுமதித்தால் என்ன ஆகும்? ஒரு பீஸ் ஒன்று கூடி, அடுத்தது ஒன்று குறைந்து வந்தால் சுற்றளவில் நாலு சென்டிமீட்டர் வித்தியாசம். இரண்டும் பாஸ். இரண்டிலும் ஒரே லேபிள். பனியன் துணியை இழுத்து விரித்து உடனே வெட்டினாலும் அப்புறம் சுருங்கும், அதைக் கொஞ்ச நேரம் ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அவசர ஆர்டரில் அந்தப் பொறுமை இருக்காது.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் அளவு அட்டவணையில் இருப்பது உடம்பின் அளவா, துணியின் அளவா என்று பாருங்கள். இரண்டில் எது என்று போடாத கடைகள் நிறைய. என் மனைவிக்கு வாங்கும்போது, அவளுக்குச் சரியாக இருக்கும் ஒரு குர்தியைத் தரையில் விரித்து டேப் பிடித்து அளந்து, அதோடு ஒப்பிடுவேன். எக்ஸ்எல்லா டபுள் எக்ஸ்எல்லா என்று நான் பார்ப்பதே இல்லை.

எங்கள் திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சிய துணி, வாங்குகிறவர்களும் இதையே செய்யுங்கள். அங்கே ஒரே குவியலில் ஐரோப்பா எம்மும் அமெரிக்கா எம்மும் கலந்து கிடக்கும், இரண்டும் ஒன்றல்ல.

சிட்டுக்குருவி:

இதற்கு நேர் எதிர் நான். வயது 24, எடை 38 கிலோ. சின்ன சைஸ் போட்டாலும் கழுத்து வழியாக வயிறு தெரியும். கடையில் என்னைப் பார்த்ததும் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே 14 வயதுக்கான சட்டை தோளில் சரியாக இருக்கும், ஆனால் நெஞ்சில் பூனைப் படம். அதைப் போட்டுக்கொண்டு கிளையன்ட் மீட்டிங்குக்கு எப்படிப் போவது? "சாப்பிடுறியா இல்லையா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. குண்டாக இருப்பவரிடம் கேட்கச் சிலராவது தயங்குவார்கள், ஒல்லியாக இருப்பவரிடம் கேட்பது அக்கறை என்று எல்லோருக்கும் நினைப்பு. தெருமுனை டெய்லர்தான் எனக்குக் கடவுள், எதை வாங்கினாலும் நேராக அங்கேதான் போவேன்.

நேர்வழி:

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். பத்து கிலோ குறைத்தால் எல்லாச் சட்டையும் சரியாகிவிடும்.

நைட் டூட்டி:

நர்சாக இருப்பதால் சொல்கிறேன், உடம்பைக் கவனிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நம் நாட்டவருக்கு பிஎம்ஐ (எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் கணக்கு) 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் பருமன் என்றுதான் இங்கே டாக்டர்கள் பார்க்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90 தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் சோதிக்கச் சொல்வோம். அது டாக்டர் பார்க்க வேண்டிய அளவு. ட்ரயல் ரூமுக்கு வெளியே நிற்கிற பெண் பார்க்க வேண்டியதில்லை.

நானே 14 கிலோ குறைத்தேன். வயிறு குறைந்தது, மேல்கை அப்படியே இருக்கிறது, தோல் தளர்ந்து இன்னும் மோசம். இருந்த ஜாக்கெட் எல்லாவற்றையும் பிடிக்கக் கொடுத்தேன், கை மட்டும் பிடிக்க இடமில்லை என்றார் டெய்லர். எங்கள் யூனிஃபார்ம் கதை தனி. மொத்தமாகத் தைத்து எஸ், எம், எல் என்று மூன்று மூட்டையாக வரும். எந்த மூட்டை முதலில் தீர்கிறதோ அதைப் பொறுத்து அந்த வருடம் பாதிப் பேர் ஊக்கு குத்திக்கொண்டு வேலை பார்ப்போம்.

நியூஜெர்சி வாசி:

இங்கே அமெரிக்காவில் நான் எம் சைஸ். போன டிசம்பரில் ஊருக்கு வந்தபோது எக்ஸ்எல் கொடுத்தார்கள், அம்மா பதறிப்போய் "அங்க என்னதான்டி சாப்பிடுற?" என்றாள். இங்கே சைஸ் எண்களை இறக்கிக்கொண்டே வருகிறார்கள் என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது? சியர்ஸ் என்ற கடையின் 1937 கேட்டலாகில் 32 இஞ்சு மார்பளவுக்கு 14 என்று சைஸ் போட்டிருந்தது. அதே 32 இஞ்சு 1967இல் 8 ஆனது, 2011இல் பூஜ்யம். சின்ன எண்ணைப் பார்த்தால் வாங்குகிறவருக்குச் சந்தோஷம். பூஜ்யத்துக்குக் கீழே என்ன செய்வார்கள் என்று கேட்காதீர்கள், இரட்டைப் பூஜ்யம் ஏற்கெனவே வந்துவிட்டது.

அமெரிக்க அரசாங்கம் ஒழுங்கு செய்யாமல் இல்லை. 1939, 1940இல் சுமார் 15,000 பெண்களை அளந்தார்கள், 1958இல் அதை வைத்து ஒரு தர அளவும் வந்தது. கம்பெனிகள் மெல்ல மெல்ல அதை மறந்தன, 1983இல் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது.

அடையாறு ஆலமரம்:

நம் நாட்டுக்கென்று ஒரு அளவு வரத்தான் போகிறது என்கிறார்கள். நிஃப்ட் என்கிற ஆடை வடிவமைப்புக் கல்லூரியின் இந்தியாசைஸ் திட்டம். டெல்லி, மும்பை, ஷில்லாங் உள்பட ஆறு ஊர்களில் 15 முதல் 65 வயது வரை 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் நிற்கவைத்து அளப்பது நோக்கமாக இருந்தது. என் தங்கை ஒருத்தி ஆர்வமாகப் போய் நின்றுவிட்டு வந்தாள். டேப் இல்லை, மூச்சைப் பிடிக்கத் தோன்றுவதற்குள் முடிந்துவிட்டது என்றாள். எந்த நாட்டு அட்டவணையையோ எடுத்து வெட்டிய சட்டையில் நாம் இத்தனை வருடம் நுழைந்துகொண்டிருக்கிறோம். ஆனால் ஷில்லாங் உடம்பும் மதுரை உடம்பும் ஒரே அட்டவணைக்குள் எப்படி அடங்கும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. சேலத்து அக்கா சொன்னதை எழுதி எடுத்துக்கொண்டே எங்கள் தெரு டெய்லரிடம் போனேன். ஒரு மீட்டர் துணி கேட்டதும் முறைத்தார், "கைக்குழியைச் சின்னதா வைங்க" என்றதும் இன்னும் முறைத்தார். இரண்டு கையையும் தனித்தனியாக அளக்கச் சொன்னேன். வலது 15 இஞ்சு, இடது பதினாலரை. "இத்தனை நாளா யாரும் கேட்டதில்லையேம்மா" என்றார்.

நேற்று வாங்கிவந்தேன். கை தூக்கினால் ஜாக்கெட் நகரவில்லை, பரணில் இருந்து டப்பாவை இறக்கியே பார்த்துவிட்டேன். கீழ்க் கொக்கி மட்டும் சாப்பிட்ட பிறகு கொஞ்சம் இழுக்கிறது. அளவு எடுத்தபோது அவர் குழம்பு பற்றிக் கேட்கவில்லை, நான் மூச்சைப் பிடித்துவிட்டேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.