மொத்தமே 126 குழுக்கள்தான். 210 எப்படி வந்தது?

சுங்கை சிப்புட் கிராணி:
வணக்கம். மகள் ஐந்தாம் படிவம்; மலேசியாவின் எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வுக்குக் கூடுதல் கணிதம் எடுத்திருக்கிறாள். எங்கள் தோட்டத்துத் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலை வைத்தே ஒரு கணக்கு அமைத்துக் கொடுத்தேன். 5 பெண்கள், 4 ஆண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். 4 பேர் கொண்ட குழு வேண்டும். அதில் குறைந்தது 2 பெண்கள் இருக்க வேண்டும்.

முதலில் 5 பெண்களில் 2 பேரை எடுத்தாள்: 10 வழிகள். நிபந்தனை முடிந்தது என்று, எஞ்சிய 7 பேரில் யாராவது இருவரைச் சேர்த்தாள்: 21 வழிகள். பெருக்கினால் 210. ஆனால் நிபந்தனையே இல்லாமல் 9 பேரில் 4 பேரை எடுத்தாலும் 126தான். ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்ததில் சரியான விடை 105 என்று தெரிகிறது. 210 அதன் இரு மடங்கு என்பதால், "இரண்டால் வகுத்தால் போதும் அப்பா" என்கிறாள். எதற்காக இரண்டு என்று கேட்டால் பதில் இல்லை. காரணம் தெரியாத வகுத்தலை அவள் மனத்தில் பதிய விட எனக்கு விருப்பமில்லை. விளக்குவீர்களா?

தைப்பிங் கணித ஆசிரியை:
ஐயா, நீங்கள் தடுத்தது மிகவும் சரி. அந்த இரண்டு தற்செயலாக அமைந்தது. ஆண்களை 3 பேராகக் குறைத்துப் பாருங்கள்: அவள் வழியில் 150, உண்மையில் 65. இரண்டால் வகுத்தால் 75 வரும்.

முடிந்த குழு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "என் வழியில் இது எத்தனை முறை உருவாகும்?" என்று கேட்கச் சொல்லுங்கள். வள்ளி, கமலா, ராணி, முத்து என்று ஒரு குழு. முதலில் வள்ளியும் கமலாவும், பிறகு ராணியும் முத்துவும் வரலாம். கமலாவும் ராணியும் முதலில் வரலாம். வள்ளியும் ராணியும் வரலாம். ஒரே குழு மூன்று முறை எண்ணப்படுகிறது. நால்வரும் பெண்கள் என்றால் ஆறு முறை. இரண்டே பெண்கள் என்றால் ஒரே முறை.

இப்போது கூட்டிப் பாருங்கள். சரியாக 2 பெண்கள் உள்ள குழுக்கள் 60, 3 பெண்கள் 40, 4 பெண்கள் 5. ஆக 105. அவள் எண்ணியதோ 60 + 120 + 30 = 210. மிகை ஒவ்வொரு வகைக்கும் வேறுபடுவதால் இங்கே எந்த எண்ணாலும் வகுக்க முடியாது. வகை பிரித்துத்தான் எண்ண வேண்டும். 'குறைந்தது' என்ற சொல் வந்தாலே நான் மாணவர்களை நிறுத்திவிடுவேன்.

ஈப்போ மாணவன்:
டீச்சர், அப்படியானால் வகுப்பது எப்போது சரி? பூப்பந்துப் பயிற்சிக்கு 6 பேரை மூன்று ஜோடிகளாகப் பிரிக்க வேண்டும். முதல் ஜோடிக்கு 15 வழிகள், எஞ்சிய நால்வரில் அடுத்ததற்கு 6, கடைசிக்கு 1: 15 × 6 × 1 = 90 வருகிறது.

தைப்பிங் கணித ஆசிரியை:
தம்பி, அதே கேள்வியைக் கேளுங்கள். எந்தப் பிரிப்பை எடுத்தாலும் அதன் மூன்று ஜோடிகள் 6 வரிசைகளில் வந்திருக்கும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே 90 ÷ 6 = 15. ஜோடிகள் 1, 2, 3 எனக் குறிக்கப்பட்ட ஆடுகளங்களுக்குப் போகிறார்கள் என்றால் வரிசைக்கும் பொருள் உண்டு. 90 அப்படியே நிற்கும். அறுசுவைகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 15 என்று பழைய மருத்துவ நூலான சுசுருத சங்கிதை கணக்கிடுவதும் இவ்வகைதான்: 6 × 5 = 30, ஒவ்வொரு சேர்க்கையும் இரு முறை.

கோலகங்சார் வாசகர்:
நிகழ்தகவுக்கு வரும்போது எதிர்ப்பக்கத்திலும் கவனம் வேண்டும். இரண்டு பகடைகளில் (1,2), (2,1) இரண்டையும் ஒன்றாக்கினால் 36க்குப் பதில் 21 விளைவுகள் கிடைக்கும். ஆனால் அவை சமவாய்ப்பு உள்ளவை அல்ல. கூட்டுத்தொகை 3 வருவதற்கான நிகழ்தகவு 2/36. 1/21 என்று எழுதினால் தவறு. 1754இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் கணித அறிஞர் டி'அலம்பர்ட் இரு முறை நாணயம் சுண்டி ஒரு தலையாவது விழ 2/3 என்று எழுதினார். தலை, பூ-தலை, பூ-பூ என்று மூன்றையும் சமமாக எடுத்துக்கொண்டார். சரியானது 3/4.

சுங்கை சிப்புட் கிராணி:
நன்றி டீச்சர், நன்றி ஐயா. குலுக்கலில் குழுவைத் தேர்ந்தெடுத்தால் நிபந்தனை நிறைவேற நிகழ்தகவு என்ன என்று இப்போது மகளிடம் கேட்டேன். 105/126, அதாவது 5/6 என்றாள். பழைய விடையை வைத்தால் 210/126, ஒன்றைத் தாண்டிவிடுகிறது என்பதையும் அவளே சொன்னாள். இன்றிரவு 3 ஆண்கள் உள்ள கணக்கை வகை பிரித்துச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.