ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனுவுல ஆதார், பேங்க் அக்கவுண்ட் எல்லாம் கேக்குறாங்க, 8(1)(ஜெ) போட்டு மூடிடலாமா?

புது_பிஐஓ

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு ஊராட்சி ஒன்றிய ஆபீஸ்ல இருக்கேன், போன மாசம்தான் என்னைப் பொதுத் தகவல் அலுவலரா போட்டாங்க, ட்ரெய்னிங் எதுவும் கிடையாது, முன்னாடி இருந்தவர் சாவியும் ஒரு கட்டு மனுவும் குடுத்துட்டு மாறுதல்ல போயிட்டார். அதுல ஒரு மனு என்னைத் தூங்க விடல. ஒரே மனுவுல நாலு விஷயம் கேட்டிருக்கார். 2022-23ல ஒரு ஊராட்சில நடந்த 100 நாள் வேலையோட மஸ்டர் ரோல், அதாவது வேலைக்கு வந்தவங்க வருகைப் பதிவேடு, அதோட நகல். வீடு கட்டுற திட்டப் பயனாளிகள் பட்டியல், பேர், ஆதார், பேங்க் அக்கவுண்ட், எந்தத் தேதில எவ்வளவு பில் போட்டோம்னு. ஊராட்சி செயலரோட சம்பளமும் அவர் மேல எடுத்த ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பும். கடைசியா ஒரு புறம்போக்கு நிலத்தோட அளவை விவரம், அது நம்ம ஆபீஸ்லயே இல்ல.

செக்‌ஷன்ல கேட்டா, "புது டேட்டா சட்டம் வந்துருச்சு சார், பேர் இருந்தாலே தனிநபர் தகவல்தான், தனிநபர் தகவலைக் குடுக்க வேண்டாம்ங்கிற ஆர்டிஐ பிரிவு 8(1)(ஜெ)வைப் போட்டு ஒரே வரில எழுதி அனுப்பிடுங்க, குடுத்தா 250 கோடி ஃபைன்"ங்கிறாங்க. குடுக்கலன்னா தகவல் ஆணையத்துல என் சம்பளத்துல பிடிப்பாங்க. மனு 3ம் தேதி இன்வார்ட் ஆகியிருக்கு, என் கைக்கு வந்தது 12ம் தேதி. எனக்கு 30 நாள் எதுல இருந்து?

பழைய_கோப்பு

தம்பி, 3ம் தேதில இருந்துதான். தபால் பிரிவுல சீல் விழுந்த நாள்தான் கணக்கு, உங்க டேபிளுக்கு வந்த நாள் இல்ல. இன்னிக்கே ஒரு தனி ரெஜிஸ்டர் போட்டு ஒவ்வொரு மனுவுக்கும் இன்வார்ட் தேதி, 5வது நாள், 30வது நாள்னு மூணு கட்டம் போட்டு எழுதுங்க, நான் 14 வருஷம் இந்த சீட்ல இருந்தேன், என்னைக் காப்பாத்துனது அந்த ரெஜிஸ்டர் ஒண்ணுதான்.

புறம்போக்கு விஷயத்தை முதல்ல தள்ளிவிடுங்க. பிரிவு 6(3)படி 5 நாளுக்குள்ள வட்டாட்சியர் ஆபீஸுக்கு மாத்தி மனுதாரருக்கும் தெரியப்படுத்தணும், அஞ்சு நாள் போயிடுச்சு, ஆனாலும் இன்னிக்கு அனுப்புங்க, "இது எங்க அலுவலகம் சார்ந்தது இல்லை"ன்னு 29வது நாள் பதில் போடுறதுதான் ஆணையத்துல வசமா மாட்டிவிடும்.

இப்ப 8(1)(ஜெ). முன்னாடி அதுல பொது நடவடிக்கைக்கோ பொது நலனுக்கோ சம்பந்தமில்லாத தனிநபர் தகவல், தேவையில்லாம அந்தரங்கத்துல நுழையற தகவல்னு வரையறை இருந்துச்சு. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததை தனி ஆளுக்கும் மறுக்கக்கூடாதுன்னு ஒரு வாசகமும் இருந்துச்சு. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்தோட 44(3) அதையெல்லாம் எடுத்துட்டு வெறும் "தனிநபர் தகவல் தொடர்பான தகவல்"னு ஆக்கிருச்சு, 2025 நவம்பர்ல அமலுக்கும் வந்துருச்சு. அதனால உங்க செக்‌ஷன்காரங்க சொல்றதுல பாதி சரி. மீதி பாதியை அவங்க படிக்கல. பிரிவு 8 ஆரம்பிக்கிறதே "கொடுக்க வேண்டிய கடமை இல்லை"ன்னுதான், "கொடுக்கக் கூடாது"ன்னு இல்ல. 8(2) அப்படியே இருக்கு, பாதிப்பை விடப் பொதுநலன் பெருசுன்னா கொடுக்கலாம். பிரிவு 10ம் இருக்கு, மறைக்க வேண்டியதை மறைச்சுட்டு மீதியைக் கொடுக்கணும். ஒரு வரி பதில் போட்டா இது எதையும் நீங்க யோசிக்கலன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி. மறுத்தது சரின்னு நிரூபிக்கிற பொறுப்பு 19(5)படி உங்க மேலதான், மனுதாரர் மேல இல்ல.

அந்த 250 கோடியைக் கேட்டு பயப்படாதீங்க. அது தரவை வச்சிருக்கிற அமைப்பு பாதுகாப்பு ஏற்பாடு செய்யாம விட்டதுக்கு உச்சபட்ச அபராதம், அந்தக் கடமைகள் முழுசா வர்றதுக்கு விதிகள்ல 18 மாசம் அவகாசம் குடுத்திருக்காங்க. உங்க பாக்கெட்டுல இருந்து போறது ஆர்டிஐ பிரிவு 20தான், ஒரு நாளைக்கு 250 ரூபா, அதிகபட்சம் 25,000.

கணக்குப்பிள்ளை

பயனாளிப் பட்டியல் பத்தி மட்டும் சொல்றேன். மானியத் திட்டத்துல யாருக்கு எவ்வளவுங்கிறது பிரிவு 4(1)(பி)ல யாரும் கேக்காமலே நாம வெளியிட வேண்டிய லிஸ்ட்ல இருக்கு. நம்ம அலுவலர்களோட மாதச் சம்பளமும் அதுலயே இருக்கு. அந்தப் பிரிவைத் திருத்தல. அதனால பேர், ஊர், தொகை, பில் தேதி, செயலர் சம்பளம் கொடுங்க, ஆதார் நம்பரும் அக்கவுண்ட் நம்பரும் கறுப்படிச்சிருங்க, ஆதார் நம்பரைப் பொதுவுல வெளியிடக் கூடாதுன்னு ஆதார் சட்டத்துலயே இருக்கு. கறுப்படிச்ச பேப்பரை அப்படியே அனுப்பாம அதை ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்க, வெளிச்சத்துல பிடிச்சா நம்பர் தெரியும். மஸ்டர் ரோலும் அதே மாதிரிதான், அது ஏற்கனவே கிராம சபை சமூகத் தணிக்கைல ஊர் முன்னாடி படிக்க வேண்டிய ரெகார்டு.

ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு வேற. 2012ல கிரீஷ் தேஷ்பாண்டே வழக்குல மெமோ, தண்டனை, சொத்து விவரம் எல்லாம் தனிநபர் தகவல்தான்னு பழைய 8(1)(ஜெ) இருக்கும்போதே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. அதை மறுக்கலாம், ஆனா 8(2)ல யோசிச்சுப் பார்த்தேன், இன்ன காரணத்தால பொதுநலன் பெருசா இல்லைன்னு ரெண்டு பத்தி எழுதி, மேல்முறையீட்டு அலுவலர் பேரு, 30 நாள் கெடு எல்லாம் போடுங்க.

நகல் கட்டணம் பக்கத்துக்கு 2 ரூபா, கணக்கோட லெட்டர் போட்டுருங்க, லெட்டர் அனுப்புன நாள்ல இருந்து பணம் வர்ற வரைக்கும் உள்ள நாள் 30ல சேராது. 30 நாள் தாண்டிட்டா இலவசமா குடுக்கணும்.

மனுதாரர்_பக்கம்

நான் ஆபீஸ்காரி இல்ல, மனு போடுற பக்கத்துல இருக்கிறவ, இருந்தாலும் சொல்லணும்னு தோணுது. எங்க அம்மா பேர்ல வீடு கட்டி முடிச்சாச்சுன்னு ஒரு பட்டியல்ல இருந்துச்சு. நாலு தவணையும் எடுத்தாச்சு. அம்மா அன்னிக்கும் ஓலைக் கொட்டகைலதான் படுத்திருந்தாங்க. மனு போட்டோம், "மூன்றாம் நபர் தகவல், வழங்க இயலாது"ன்னு ஒரு வரி வந்துச்சு. அம்மாவோட வீட்டைப் பத்தி அம்மா கேட்டாங்க சார், இதுல மூன்றாம் நபர் யாரு? அவங்கவங்க தகவலை அவங்கவங்க கேட்டா இந்தப் பிரிவே வராதுன்னு மேல்முறையீட்டுலதான் ஒத்துக்கிட்டாங்க. அதுக்குள்ள எட்டு மாசம், ஒரு மழைக்காலம் போயிடுச்சு. பட்டியல்ல பேர் வெளிய வந்ததாலதான் எங்களுக்கு இந்த விஷயமே தெரிஞ்சுது, அதனால பேரை மட்டும் தயவுசெஞ்சு மறைச்சுடாதீங்க.

புது_பிஐஓ

ரொம்ப நன்றி, ரெஜிஸ்டர் போட்டுட்டேன், 6(3) கடிதமும் போயிடுச்சு. பயனாளிகள் பட்டியல்ல பேர் கண்டிப்பா இருக்கும் மேடம். ஒரு சந்தேகம். செயலர்கிட்ட கருத்து கேக்கணும்னு முந்தாநேத்து அந்த மனுவையே ஜெராக்ஸ் எடுத்து அவருக்கு அனுப்பிட்டேன். மனுதாரர் அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் அதுல இருக்கு. தப்பா?

மனுதாரர்_பக்கம்

அய்யோ சார். அந்த ஊர்லயே இருக்கிறவராச்சே மனு போட்டவர். எங்க வீட்டுக்கு ராத்திரி ஆள் வந்தது இப்படித்தான்.

பழைய_கோப்பு

தம்பி, தப்புதான், சொல்லாம இருக்க முடியாது. 2010 ஜனவரில புனே பக்கத்துல சதீஷ் ஷெட்டியை வெட்டிக் கொன்னாங்க, நில மோசடியை ஆர்டிஐல தோண்டுனவர். மனு போடுறவர் பயந்துதான் போடுறார். 2013ல கல்கத்தா உயர்நீதிமன்றம் மனுதாரர் முழு அட்ரஸ் கூட வேண்டாம், போஸ்ட் பாக்ஸ் நம்பர் போதும்னு சொன்னதே இதுக்குத்தான். நாம பிறத்தியார் தரவைக் காப்பாத்துறோம்னு பட்டியலை மறைச்சுட்டு மனுதாரரோட தரவைத் தூக்கி எதிராளி கைல குடுத்துடுறோம். மூன்றாம் நபர்கிட்ட கருத்து கேக்குற பிரிவு 11 நோட்டீஸ்ல என்ன தகவல் கேட்டிருக்காங்கன்னு மட்டும் நீங்களே டைப் பண்ணி அனுப்பினா போதும், 10 நாள் அவகாசம், அந்த மாதிரி நோட்டீஸ் போன மனுவுக்கு 40 நாளுக்குள்ள முடிவு. சம்பளத்துக்கு நோட்டீஸே தேவையில்ல.

இப்ப செய்ய வேண்டியது, இன்னிக்கே செயலர்கிட்ட இருந்து அந்த ஜெராக்ஸைத் திரும்ப வாங்குங்க, வாங்குனதுக்கு கோப்புல குறிப்பு எழுதுங்க. பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்)கிட்ட நீங்களே போய் சொல்லிடுங்க. மனுதாரருக்கு போன் பண்ணி நடந்ததை மறைக்காம சொல்லுங்க, யாராவது வந்தா காவல் நிலையத்துல புகார் குடுக்கும்போது உங்க குறிப்பு அவருக்கு ஆதாரமா இருக்கும்.

புது_பிஐஓ

ஜெராக்ஸ் வாங்கியாச்சு, ஆனா செயலர் அதைப் போன்ல போட்டோ எடுத்துட்டார்னு ஆபீஸ் உதவியாளர் சொல்றார். பிடிஓ முன்னாடி வச்சு அழிக்கச் சொல்லி மெமோ போட்டிருக்கோம். மனுதாரர்கிட்ட பேசிட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "பட்டியல் எப்ப சார் கிடைக்கும்"னு மட்டும்தான் கேட்டார். 164 பக்கம், ராத்திரி உக்காந்து நம்பரை எல்லாம் கறுப்படிச்சிட்டிருக்கேன், கட்டண லெட்டர் நாளைக்குப் போயிடும்.